"எந்த ஏரியா?" – ஃபேன் கன்வென்ஷன் பற்றி ஒரு பாடம்



இது சிலபஸ்ல இல்லாத பாடம். இன்டர்னல் மார்க் கிடையாது, அட்டெண்டன்ஸும் கிடையாது. ஆனா என்னைக்காவது ஒரு நாள் உங்களுக்குத் தேவைப்படும்.

நம்மில் பல பேருக்கு ஆன்லைன் நண்பர்கள் இருக்கிறார்கள். அனிமே குரூப், கேமிங் சர்வர், காமிக்ஸ் குரூப் என்று ஏதோ ஒன்றில் பழக்கம். வீட்டில் சொல்லாததைக்கூட ராத்திரி இரண்டு மணிக்கு அவர்களிடம் சொல்லியிருப்போம். ஆனால் முகம் பார்த்திருக்க மாட்டோம். ஒரு நாள் குரூப்பில் யாராவது, "எல்லாரும் ஒரு இடத்துல மீட் பண்ணலாமா?" என்று போடுவார். படித்ததும் நெஞ்சு ஒரு தடவை திக்கென்று அடிக்கும். சந்தோஷமா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தத் 'திக்' எதனால் வருகிறது, வந்தால் என்ன செய்வது? இதுதான் இன்றைய பாடம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு தகவல். நான் புளியந்தோப்பு. இதை ஏன் இப்பவே சொல்றேன் என்பது போகப்போகத் தெரியும்.

1. நாம எல்லாரும் மாயாவிங்கதான்

தமிழ் காமிக்ஸ் படிக்கிற யாரைக் கேட்டாலும் இரும்புக்கை மாயாவியைத் தெரியும். சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த முதல் புத்தகமே அவருடையதுதான். கதை இங்கிலாந்தில் 1960-களில் வந்த காமிக்ஸ். கரண்ட் ஷாக் அடித்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். (டிரிபிள்-ஈ நண்பர்களே, லேபில் முயற்சி செய்ய வேண்டாம்.)

ஆன்லைனில் நாமும் அப்படித்தான். டைப் அடிக்கிற கை மட்டும் தெரியும். குரல், உயரம், நிறம், சட்டை, செருப்பு, வீடு, தெரு எல்லாம் மறைந்திருக்கும். நிறைய பேருக்கு அது பெரிய நிம்மதி. கை எழுதுகிற விஷயம் நன்றாக இருந்தால் போதும், மற்றதை யாரும் கேட்க மாட்டார்கள்.

மீட் என்று சொன்னதும் வருகிற 'திக்' இதனால்தான். மறைந்திருந்த உடம்பு ஒரே நாளில் வெளியே தெரியப் போகிறது.

2. கடிதத்துக்குக் கீழே ஒரு முகவரி

ஆன்லைன் நட்பு நம்ம தலைமுறை கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேடிப் படித்தபோதுதான் அது கிட்டத்தட்ட நூறு வருஷப் பழசு என்று தெரிந்தது.

அமெரிக்காவில் 1926-ல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்ற அறிவியல் புனைகதை இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதப் பகுதியில் கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட்டார். இன்றைக்குப் பார்த்தால் பிரைவசி பிரச்சினை. அன்றைக்கு அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். 'நம்மள மாதிரியே ராக்கெட் கதை படிக்கிற பைத்தியம் அடுத்த ஊர்லயும் ஒண்ணு இருக்கு' என்று வாசகர்களுக்குத் தெரிந்தது. இதழுக்கு எழுதுவதை விட்டு, ஒருவருக்கொருவர் நேராகவே எழுத ஆரம்பித்தார்கள். அப்புறம் ஊர் ஊராகச் சங்கம் வந்தது.

எழுதி எழுதிச் சலித்தவர்களுக்குப் பார்க்கணும் என்று தோன்றாதா? 1936 அக்டோபரில் நியூயார்க் ரசிகர்கள் சிலர் ரயிலேறி ஃபிலடெல்பியா போய், அங்கிருந்த ரசிகர்களைச் சந்தித்தார்கள். 1937 ஜனவரி 3-ம் தேதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், முன்கூட்டியே அறிவித்து ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்கள் இருபது பேர்கூட இருக்காது. அதில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அதே எழுத்தாளர்தான், அப்போது வெறும் ரசிகர். இந்த இரண்டில் எது உலகின் முதல் ஃபேன் கன்வென்ஷன் என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சண்டை போடாத ஃபேன்டம் ஏது?

கவனிக்க வேண்டியது, எல்லாவற்றுக்கும் விதை ஒரு முகவரி. 'நான் இன்னார், இந்த ஊர்' என்று தைரியமாக எழுதிய ஒரு வரி.

3. கதவு யாருக்குத் திறக்கும்?

இனிமே வருவது கொஞ்சம் கசப்பான பகுதி.

1939 ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் முதல் 'வேர்ல்ட்கான்' நடந்தது. சுமார் இருநூறு பேர் வந்தார்கள். ஃபாரஸ்ட் அக்கர்மேனும் மர்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்கள் மாதிரி உடை போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு உடையையும் தைத்தவர் டக்ளஸ்தான். இன்றைய காஸ்பிளேக்கு அவரைப் பாட்டி என்று சொல்லலாம். இதெல்லாம் பெருமையான சேதி.

அதே நாள் அதே வாசலில் ஆறு இளைஞர்களை உள்ளே விடவில்லை. அவர்கள் வேறொரு ரசிகர் குழு. இடதுசாரி அரசியல் பேசுகிறவர்கள். உள்ளே வந்தால் கலாட்டா செய்வார்கள் என்று அமைப்பாளர்கள் பயந்தார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஃபிரெடரிக் போல், டொனால்ட் வோல்ஹைம், சிரில் கார்ன்ப்ளூத் மூவரும் இருந்தார்கள். அறிவியல் புனைகதை வரலாற்றை இந்தப் பெயர்கள் இல்லாமல் எழுதவே முடியாது. அதே குழுவைச் சேர்ந்த ஐசக் அசிமோவ் உள்ளே போய்விட்டார். அவரை யாரும் தடுக்கவில்லை. ஆக, முதல் உலக ரசிகர் மாநாட்டிலேயே 'நீ உள்ளே வா, நீ வராதே' ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு கதை ஜப்பானில். 1970-களில் அங்கே மாங்கா ரசிகர்களுக்கு ஒரு பெரிய மாநாடு இருந்தது. அதை விமர்சனம் செய்த ஒருவரை அதில் பங்கேற்க அனுமதிக்கவில்லை. கோபப்பட்ட ரசிகர்கள், 'மெய்க்யூ' என்ற சிறு குழுவின் முயற்சியில், தாங்களே ஒரு கூட்டம் நடத்தினார்கள். 1975 டிசம்பர் 21, டோக்கியோ. 32 குழுக்கள், சுமார் 700 பேர். அதுதான் 'காமிக் மார்க்கெட்', சுருக்கமாக காமிகெட். அங்கே ஒரு கொள்கை உண்டு: 'வாடிக்கையாளர்' என்று யாரும் கிடையாது. விற்கிறவர், வாங்குகிறவர், வேலை செய்கிற தன்னார்வலர் எல்லாரும் 'பங்கேற்பாளர்'. 2019 கோடையில் நான்கு நாட்களில் அங்கே போனவர்களின் எண்ணிக்கை 7 லட்சத்துக்கும் மேல்.

ஒரு ஆளை வெளியே நிறுத்தியதில் இருந்து முளைத்தது இந்த 7 லட்சம். இதை நான் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

4. ரிலாக்ஸாகான் என்றால் என்ன?

கன்வென்ஷன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பெரிய ஹால், பெரிய கியூ, மேடையில் பிரபலங்கள். சான் டியேகோ காமிக்கான் 1970-ல் சுமார் 300 பேரோடு தொடங்கி, இப்போது ஒரு லட்சத்தையும் தாண்டிவிட்டது. இந்தியாவில் காமிக்கான் முதலில் டெல்லியில் 2011-ல் வந்தது. சென்னைக்கு 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில், நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில். நம்ம காலேஜிலிருந்தே நருட்டோ வேஷத்தில் ஒரு கும்பல் போனது, மறந்திருக்க மாட்டீங்க.

இதற்கு நேர் எதிரான ஒரு வகை இருக்கிறது. அதன் பெயர் 'ரிலாக்ஸாகான்'. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் 1950-ல் தொடங்கிய 'மிட்வெஸ்ட்கான்' இந்த வகைக்கு முன்னோடி. இதில் பெரிதாக நிகழ்ச்சி நிரல் கிடையாது. மேடை, பேச்சாளர், போட்டி இதெல்லாம் இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான். ஒரு இடத்தில் கூடுவார்கள், சாப்பிடுவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், புத்தகம் மாற்றிக்கொள்வார்கள், போய்விடுவார்கள். அவ்வளவுதான்.

'இதுக்கு எதுக்குக் கன்வென்ஷன்னு பேரு?' என்று தோன்றலாம். மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஜர்னல் பேரிங்கில் ஷாஃப்ட்டைப் போடும்போது துளிகூட இடைவெளி விடாமல் இறுக்கினால் என்ன ஆகும்? சுற்றாது, சூடாகி ஜாம் ஆகும். அந்தச் சின்ன கிளியரன்ஸ் இருந்தால்தான் நடுவில் ஆயில் நிற்கும், ஷாஃப்ட் சுற்றும். கூட்டமும் அப்படித்தான். பத்து மணிக்கு இது, பத்தரைக்கு அது என்று இறுக்கிவிட்டால் நண்பர்கள் பக்கத்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பேச்சு நடக்காது. முதல் முறை முகம் பார்க்கிறவர்களுக்கு அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். கூச்சம் போக நேரம் ஆகும் இல்லையா?

5. நம்ம ஊர் ரிலாக்ஸாகான்

இப்படி ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறதா? இருக்கு. ஈரோட்டில்.

முத்து காமிக்ஸுக்குப் பிறகு, 1984-ல் சிவகாசியில் லயன் காமிக்ஸ் வந்தது. ஆசிரியர் எஸ். விஜயன், அப்போது இருபது வயதைக்கூடத் தொடாத இளைஞர். டெக்ஸ் வில்லர், லக்கி லூக், மாடஸ்டி, ஸ்பைடர் என்று அயல்நாட்டு நாயகர்கள் தமிழ் பேசினார்கள். அந்தப் புத்தகங்களிலும் வாசகர் கடிதம் உண்டு. கடிதத்துக்குக் கீழே பெயர், ஊர். கரூர்க்காரர் எழுதியதைத் தூத்துக்குடிக்காரர் படிப்பார். 'அமேசிங் ஸ்டோரிஸ்' கதையேதான், நம்ம மொழியில். கடிதம் பிறகு இணையத்துக்கு மாறியது. பேர் தெரிந்தவர்கள் முகம் பார்க்க ஆசைப்பட்டார்கள்.

ஈரோடு புத்தகத் திருவிழாவை மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்ட் மாதங்களில் நடத்தி வருகிறது. அந்த நேரத்தில் லயன்-முத்து வாசகர்கள் அங்கே கூடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆசிரியரைப் பார்ப்பார்கள், புதுப் புத்தகம் வாங்குவார்கள். அதைவிட முக்கியம், நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் பேசுவார்கள். அட்டைப்படம் சரியில்லை என்பார் ஒருவர். மொழிபெயர்ப்பு சூப்பர் என்பார் இன்னொருவர். வேலை, வயசு, சம்பளம் எல்லாம் வாசலோடு சரி.

எங்கள் குரூப்பில் எட்டுப் பேர். 'இந்த வருஷம் ஈரோடு போலாமா?' என்று கரூர் டீச்சர் அக்கா கேட்டாங்க. எனக்கு அந்தத் 'திக்' வந்தது.

6. நான் போன கதை

மூணு வருஷமாக அந்தக் குரூப்பில் இருக்கிறேன். 'நீ சென்னைல எங்க?' என்று கேட்டால், 'சென்ட்ரல் பக்கம்' என்பேன். பொய் இல்லை. எங்க வீட்டிலிருந்து சென்ட்ரல் மூணு கிலோமீட்டர்தான். ஆனால் உண்மையும் இல்லை.

வடசென்னைப் பசங்களுக்கு இது புரியும். 'புளியந்தோப்பு' என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் 'ஓ...' என்று ஒரு சத்தம் கொடுப்பார். அந்த 'ஓ'வுக்குள் பத்து சினிமா, இருபது க்ரைம் நியூஸ் இருக்கும். இதே ஏரியாவில் பின்னி மில் சங்கு ஊதினதும் எங்க தாத்தா மாதிரி ஆயிரக்கணக்கான பேர் வேலைக்குப் போனாங்க என்பதோ, விடியற்காலை நாலு மணிக்கே தண்ணிக் குடத்தோடு எழுந்திருக்கிற பொம்பளைங்க இருக்காங்க என்பதோ அந்த 'ஓ'வுக்குள் இருக்காது. விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய்தான் 'சென்ட்ரல் பக்கம்' ஆனேன்.

முதல் தடை வீட்டில்.

"இன்னாடி இது, மூஞ்சியே பாக்காத ஆளுங்களோட ஊருக்குப் போறேன்ற?" என்றாள் அம்மா.

"ம்மா, மூணு வருஷமா பழக்கம்மா."

"போன்ல பழகனது பழக்கமா? அதுல பொம்பளைங்க எத்தினி பேரு? எங்க தங்குவ? யாரு கூட்டினு வருவாங்க?"

கோபமாகத்தான் வந்தது. ஆனால் உட்கார்ந்து யோசித்தால், அம்மா கேட்ட மூணு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. பதில் தேடினேன். டீச்சர் அக்காவை அம்மாவிடம் வீடியோ காலில் பேச வைத்தேன். தங்குவது கிடையாது, ராத்திரி ரயிலில் போய் அடுத்த ராத்திரி ரயிலில் திரும்புவது என்று முடிவானது. சென்னையிலிருந்து வருகிற இன்னொரு பொண்ணும் நானும் ஒரே கோச்சில் டிக்கெட் போடணும் என்பது அம்மாவின் நிபந்தனை.

அந்தப் பொண்ணு குரூப்பில் 'பீச் பக்கம்' என்று சொல்லுவாள். நான் பெசன்ட் நகர் என்று நினைத்திருந்தேன். 'எங்க ஏறுவ, சென்ட்ரலுக்கு எப்படி வருவ?' என்று தனியாகக் கேட்டேன். ரொம்ப நேரம் 'டைப்பிங்...' என்றே காட்டியது. கடைசியில் வந்தது:

'ஏய், யார்கிட்டயும் சொல்லாத. நான் திருவொற்றியூர்.'

சிரிச்சு சிரிச்சு எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. திருவொற்றியூரிலும் கடல் இருக்கு, பொய் இல்லையே! மூணு வருஷமாக ஒரே பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடுகிற தூரத்தில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஏரியாவை மறைத்திருக்கிறோம். யாரிடமிருந்து மறைத்தோம்? எங்க பக்கத்து ஆளிடமிருந்தே.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ராத்திரி சென்ட்ரலை விட்டுக் கிளம்பினதும் பேசின் பிரிட்ஜ் தாண்டும். எங்க வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்தால் தெரிகிற தண்டவாளம் அது. இத்தனை வருஷம் மாடியிலிருந்து ரயிலைப் பார்த்தவள், அன்றைக்கு ரயிலிலிருந்து மாடியைத் தேடினேன். இருட்டில் தெரியவில்லை. எதிர் சீட்டுக்காரர், "இந்த ஏரியா தாண்டற வரைக்கும் ஜன்னல சாத்துங்கம்மா, போன பறிச்சிட்டுப் போயிடுவானுங்க" என்றார். திருவொற்றியூர்க்காரி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

காலையில் ஈரோடு. சுமார் 390 கிலோமீட்டர் வந்திருந்தோம். எட்டுப் பேரும் திருவிழா வாசலில் நின்றோம். முதல் அஞ்சு நிமிஷம் கொடுமை. யாருக்கும் பேச்சு வரவில்லை. எல்லாரும் போனைப் பார்த்தோம். பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒருத்தர் குரூப்பில் 'ஹாய்' போட்டார். அதற்குச் சிரித்ததும்தான் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது.

எங்களில் மூத்தவர் ஒரு ஐயா, ரிட்டயர் ஆனவர். 1972-லிருந்தே படிக்கிறவர். "வாசகர் கடிதத்துக்குக் கீழ போடுவோமே, பேரும் ஊரும், அந்த மாதிரி சொல்லிட்டே வாங்க" என்றார்.

என் முறை வந்தது. பேரைச் சொன்னேன். ஒரு நொடி நின்றேன். "புளியந்தோப்பு."

இரண்டாம் வருஷம் படிக்கிற திருநெல்வேலித் தம்பி ஒருத்தன் உடனே, "அய்யய்யோ! அப்போ அக்காவோட பைய செக் பண்ணுங்கப்பா, கத்தி இருக்கப் போகுது!" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. டீச்சர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

நான் பையைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். "செக் பண்ணிக்கோப்பா."

அவன் தயங்கித் தயங்கி ஜிப்பைத் திறந்தான். ஒரு டிபன் பாக்ஸில் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம், எட்டுப் பேருக்கும் சேர்த்து. பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்த ஒரு பழைய மாயாவி புத்தகம், அட்டை கிழிந்தது. அவ்வளவுதான். பையன் முகம் சிவந்துவிட்டது.

ஐயா புத்தகத்தைத்தான் பார்த்தார். "இது எங்கம்மா கெடச்சுது?"

"மூர் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில, ஐயா."

"மூர் மார்க்கெட்டா!" அவர் குரலே மாறியது. "1985-ல அது எரிஞ்சப்போ எனக்கு வீட்ல ஒருத்தர் செத்த மாதிரி இருந்துச்சு. அதுக்கு முன்னாடி மெட்ராஸ் வந்தா நேரா அங்கதான் போவேன். ரயிலு பேசின் பிரிட்ஜ்ல சிக்னலுக்கு நிக்கும் பாரு, எனக்குப் பொறுக்காது. இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சுன்னு வாசல்ல வந்து நின்னுக்குவேன். அப்போ நான் உங்க ஊரத்தாம்மா பாத்துக்கிட்டு நின்னுருக்கேன்."

அப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. திட்டம் என்று ஒன்றும் இல்லை. ஸ்டாலில் புத்தகம் வாங்கினோம். நிழல் இருந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து சாதத்தைப் பிரித்தோம். டெக்ஸ் வில்லர் பெரியவரா, மாயாவி பெரியவரா என்று ஒன்றரை மணி நேரம் சண்டை. நடுவில் ஒருத்தர் தூங்கியே போனார். யாரும் எழுப்பவில்லை.

சாயங்காலம் அந்தத் தம்பி பக்கத்தில் வந்தான். "சாரிக்கா. படத்துல பாத்ததுதான் எனக்குத் தெரியும்."

"பரவால்லப்பா. இப்போ எலுமிச்சை சாதமும் தெரியும்ல?" என்றேன்.

சொன்னதும் ஒன்று தோன்றியது. எனக்குத் திருநெல்வேலி என்றால் என்ன தெரியும்? அல்வா, அரிவாள். நானும் படத்தில் பார்த்ததுதான்.

7. போகும் முன் பார்க்க வேண்டியவை

கதை போதும், பாடத்துக்கு வருவோம். நீங்களும் இப்படிப் போகப் போகிறீர்கள் என்றால்:

- முதல் சந்திப்பு பொது இடத்தில், பகல் நேரத்தில் இருக்கட்டும். புத்தகத் திருவிழா, நூலகம், காமிக்கான் மாதிரி ஆட்கள் நிறைந்த இடம் நல்லது. யாருடைய வீடும் ரூமும் வேண்டாம்.

- போகும் முன் ஒரு தடவையாவது வீடியோ காலில் முகம் பாருங்க. காரணமே இல்லாமல் ஒருத்தர் தொடர்ந்து மறுத்தால் யோசிங்க.

- வீட்டில் சொல்லிவிட்டுப் போங்க. வீட்டில் சொல்ல முடியாத நிலை என்றால், நம்பகமான ஒரு நண்பரிடமாவது இடம், நேரம், கூட வருபவர்களின் நம்பர் மூன்றையும் கொடுங்க. லைவ் லொகேஷன் ஆனில் இருக்கட்டும்.

- திரும்பி வரும் டிக்கெட்டை உங்கள் காசில், உங்கள் கையில் வைத்திருங்க. பிடிக்கவில்லை என்றால் யாரையும் கேட்காமல் கிளம்ப முடியணும்.

- காசு விஷயத்தை முதலிலேயே பேசுங்க. காமிக்கான் என்றால் டிக்கெட்டே பல நூறு ரூபாய். எல்லாராலும் முடியாது. செலவு குறைவான திட்டத்தையும் சேர்த்தே முன்வைத்தால், 'எனக்கு அன்னைக்கு வேலை இருக்கு' என்று பொய் சொல்லி ஒதுங்குகிற நண்பரும் வருவார்.

- போட்டோ எடுக்கும் முன் கேளுங்க, போஸ்ட் செய்யும் முன் மறுபடியும் கேளுங்க. காஸ்பிளே போட்டிருப்பவர் உங்களைத் தொடச் சொல்லவில்லை. நியூயார்க் காமிக்கானில் இதைப் பலகையில் எழுதியே வைத்தார்கள். நமக்கு எழுதாமலே தெரிந்திருக்கணும்.

- கூச்சப்படும் நண்பருக்கு ஏதாவது வேலை கொடுங்க. தண்ணி வாங்குவது, புத்தகப் பட்டியல் எழுதுவது. கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

- நிகழ்ச்சி நிரலில் பாதியை அழித்துவிடுங்க. கிளியரன்ஸ் ஞாபகம் இருக்கட்டும்.

- ஊர், சாதி, நிறம், இங்கிலீஷ் வைத்து யாராவது ஜோக் அடித்தால் உடனே சிரித்துவிடாதீங்க. பெரிய சொற்பொழிவு வேண்டாம். நாலு பேர் சிரிக்காமல் இருந்தாலே அந்த ஜோக் அங்கேயே செத்துவிடும். அன்றைக்கு டீச்சர் அக்கா சிரிக்காததை நான் பார்த்தேன். பையைக் கழற்றிக் கொடுக்கிற தைரியம் அதில்தான் வந்தது.

- 'எந்த ஏரியா?' என்று கேளுங்க, தப்பில்லை. பதில் வந்ததும் 'ஓ' என்று நிறுத்தாமல் இன்னொரு கேள்வி கேளுங்க. 'அங்க என்ன சாப்பாடு ஃபேமஸ்? பழைய புத்தகக் கடை இருக்கா?' அந்த இரண்டாவது கேள்வியில்தான் கதவு திறக்கும்.

8. வீட்டுப்பாடம்

ஒன்று: உங்கள் ஆன்லைன் குரூப்பில் எத்தனை பேர் உங்கள் ஏரியாவிலிருந்து ஒரே பஸ் தூரத்தில் இருக்கிறார்கள்? கண்டுபிடிங்க. (ஆனால் தெரு, கதவு எண்ணைக் குரூப்பில் போடாதீங்க. இது 1926 இல்லை.)

இரண்டு: நம்ம காலேஜ் லைப்ரரி பின்னால் சனிக்கிழமை மதியம் யாரும் இருப்பதில்லை. மேடை, மைக், சீஃப் கெஸ்ட் எதுவும் இல்லாமல் ஒரு ரிலாக்ஸாகான் நடத்த எத்தனை பேர் வேண்டும்? விடை: லீட்ஸில் இருபதுகூட இல்லை. ஈரோட்டில் நாங்கள் எட்டு.

எங்கள் குரூப்பின் அடுத்த சந்திப்பு ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சி சமயத்தில். ஐயாவுக்கு மறுபடி மூர் மார்க்கெட் பக்கம் போகணுமாம். 'காலைல ரயில விட்டு எறங்கினதும் எங்க போறது?' என்று குரூப்பில் கேட்டார்.

'எங்க வீட்டுக்கு வாங்க ஐயா, அம்மா டிபன் பண்றேன்னு சொல்லிட்டாங்க' என்று போட்டேன். முதல் சந்திப்பு முடிந்தாச்சு, அதனால் ரூல் உடையவில்லை. கீழே முகவரியை டைப் அடித்து, தனியாக அவருக்கு மட்டும் அனுப்பினேன். கதவு எண், தெரு, புளியந்தோப்பு, சென்னை.

அவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: 'பேசின் பிரிட்ஜ்ல சிக்னல் போட்டா அங்கயே எறங்கிரட்டுமா?'

அடுத்த இதழில் சந்திப்போம், மக்களே!